விழாத பனிக்கு ஒரு மன்னிப்பு

2015 ஜனவரி 27, நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் ஹாலி என்று ஓர் ஊர். அங்கிருக்கும் அரசாங்க வானிலை நிலையத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி, ட்விட்டரில் சில வரிகள் எழுதினார். பொறுப்பில் இருந்தவர்களிடமும் பொதுமக்களிடமும் மன்னிப்புக் கேட்டார். எங்களை நம்பித்தான் நீங்கள் அத்தனை சிரமமான முடிவுகளை எடுத்தீர்கள், நாங்கள் தவறவிட்டோம் என்பது சாரம். பனிப்புயலைச் சொல்லாமல் விட்டதற்காகக் கேட்ட மன்னிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வரும் என்று சொல்லி வராமல் போன பனிக்காகத்தான் மனுஷன் மன்னிப்புக் கேட்டார்.

அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு மதியம் ஒரு மணி. கோப்பிக் கடையில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் அதைப் படித்தது இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாளாக நானும் அந்தப் புயலைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். பனியைக் கண்ணால் பார்த்தே இராத ஆள், கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க்கில் எத்தனை அங்குலம் விழும் என்று கணக்குப் பார்ப்பதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம், 2014 டிசம்பரில், கிளந்தான் மூழ்கியது. கிழக்குக் கரை மாநிலங்களையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. சைபீரியாவில் திரளும் குளிர்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி நம் கரைக்கு எப்போது வரும், அடுத்த மழை எப்போது வலுக்கும் என்று பார்க்கத்தான் வானிலை வரைபடங்களைத் திறந்தேன். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வரைபடத்தை அப்படியே வலது பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அமெரிக்கா வந்துவிடுகிறது.

சட்கோவ்ஸ்கியின் வரிகளைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம்தான். அடச்சே, பனி வரவில்லையே! ஒரு மாதத்துக்கு முன் வெள்ளத்தைப் பார்த்துக் கலங்கிய அதே ஆள், இன்னொரு ஊர்க்காரன் தலையில் இரண்டடி பனி கொட்டவில்லை என்று வருத்தப்படுகிறான். இந்த ஆசை எங்கிருந்து வருகிறது, எனக்கு மட்டும்தான் வருகிறதா என்று தேடப்போய்த்தான் 1888க்குப் போய்ச் சேர்ந்தேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றி. புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, கேமரன் மலையைக் காலையில் மூடுவதும் பனி, நியூயார்க்கில் காரைப் புதைப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பனிக்கு ஒரு போர்வை போதும். இங்கே நான் பேசப்போவது வெள்ளையாகக் கொட்டி, ரயிலை நிறுத்தி, ஆளைக் கொல்கிற பனியைப் பற்றி.

வடகிழக்கு அமெரிக்காவில் இந்தப் பனிக்காகவே குளிர்காலம் முழுக்கக் காத்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. 'வெதர் வீனி' என்று கேலியும் செல்லமுமாக ஒரு பெயரும் உண்டு. அவர்களே அதைச் சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்க வானிலை மாடல் நாளுக்கு நான்கு முறை புதிதாகக் கணக்குப் போடுகிறது. அதில் ஒரு கணக்கு நம் நேரப்படி இரவு பதினொன்றரைக்கு மேல் வரத் தொடங்கும். ஐரோப்பிய மாடல் அதற்கும் பிறகு, அதிகாலை இரண்டு மணிவாக்கில். ஒவ்வொரு முறையும் தாழ்வழுத்த மையம் கொஞ்சம் கரைப்பக்கம் வந்தால் கொண்டாட்டம், கடல்பக்கம் விலகினால் இழவு வீடு. விஷயம் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் அந்தக் 'கொஞ்சத்தில்'தான் எல்லாமே இருக்கிறது. அட்லாண்டிக் கரையை ஒட்டி வடக்கே ஏறும் புயல் கரைக்கு ரொம்பவும் நெருங்கினால் கடலின் வெதுவெதுப்பான காற்று உள்ளே நுழைந்து பனி மழையாகிவிடும். ரொம்பவும் விலகினால் ஒன்றுமே விழாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை, அதற்குள் இருக்கும் ஊருக்கு மட்டும்தான் இரண்டடி. அந்தப் பட்டை ஐம்பது, நூறு கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஒரு மாநகரத்தின் கதையே மாறிவிடுகிறது.

கடைசி இரவில் வரைபடத்தையெல்லாம் மூடிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெருவிளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் துகள் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

இவர்களை வெறும் வேடிக்கை மனிதர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க வானிலைத் துறையே இப்படிப்பட்டவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் நிற்கிறது. 1849இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளர் ஜோசப் ஹென்றி, நாடு முழுக்க ஏறக்குறைய 150 தன்னார்வலர்களைச் சேர்த்தார். ஊர் டாக்டர், வாத்தியார், விவசாயி என்று கலவையான ஆட்கள். சம்பளம் கிடையாது. தினமும் வெப்பநிலை, காற்று, மேகம், மழை, பனி எல்லாவற்றையும் எழுதி மாதக் கடைசியில் தபாலில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கூடவே தந்தி நிறுவனங்கள் தந்த செய்திகளை வைத்து, 1850களில் ஸ்மித்சோனியன் கட்டடத்தில் ஒரு பெரிய வரைபடம் மாட்டினார். எந்த ஊரில் மழை, எந்த ஊரில் வெயில் என்று வருகிறவர்கள் பார்க்கலாம். மேற்கே இன்று இருக்கும் புயல் நாளை கிழக்கே வரும் என்ற, இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் உண்மையை ஜனங்கள் சுவரில் பார்த்தார்கள்.

மில்வாக்கியில் இன்க்ரீஸ் லாஃபம் என்று ஒருவர். தானே படித்து அறிவியல் கற்ற மனிதர். கிரேட் லேக்ஸ் ஏரிகளில் புயலில் சிக்கிய கப்பல்களையும் செத்தவர்களையும் கணக்கெடுத்து, எச்சரிக்கை தர ஓர் அரசு அமைப்பு வேண்டும் என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1870இல் அது நடந்தது. வேலை ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி ஏரிப் பகுதிக்கான முதல் புயல் எச்சரிக்கையை எழுதியவரே லாஃபம்தான்.

எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் தினசரி வெளியிட்ட குறிப்புக்கு 'முன்னறிவிப்பு' என்று பெயர் இல்லை. 'ப்ராபபிலிட்டீஸ்' என்றார்கள். நிகழக்கூடியவை. அதை எழுதிய கிளீவ்லாண்ட் அபே என்ற வானியலாளருக்கு 'ஓல்டு ப்ராபபிலிட்டீஸ்' என்றே பட்டப்பெயர். 1876இல் அது 'இண்டிகேஷன்ஸ்' ஆனது, அதாவது அறிகுறிகள். 1889இல்தான் 'ஃபோர்காஸ்ட்' வந்தது. இருக்கலாம் என்பதிலிருந்து தெரிகிறது என்பதற்கும், அதிலிருந்து நடக்கும் என்பதற்கும் இருபது வருஷத்துக்குள் வந்துவிட்டார்கள். அறிவியல் அந்த வேகத்தில் வளர்ந்ததா என்பது வேறு கேள்வி.

'அறிகுறிகள்' காலத்தின் கடைசியில் வந்தது 1888. ஒரே குளிர்காலத்தில் இரண்டு புயல்கள்.

முதலாவது ஜனவரி 12, வியாழக்கிழமை. டகோட்டா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா சமவெளி. அரசாங்கம் தந்த நிலத்தில் குடியேறிய நார்வே, ஜெர்மனிக்காரர்கள் நிறையப் பேர். மரம் கிடைக்காத ஊர்களில் புல்தரையை மண்ணோடு வெட்டி அடுக்கிய வீடுகள், அதே மாதிரி பள்ளிக்கூடங்கள். பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு அன்று காலை இதமாக விடிந்தது. கனத்த கோட்டு இல்லாமலே பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், ஆண்கள் மாடுகளை வெளியே ஓட்டினார்கள். நல்ல நாள் என்று எல்லோரும் வெளியே இருந்ததுதான் வினையாகிப் போனது.

செயிண்ட் பால் நகரில் சிக்னல் பிரிவின் கிளை அலுவலகம் சில மாதங்களுக்கு முன்புதான் திறந்திருந்தது. பொறுப்பில் லெப்டினன்ட் தாமஸ் வுட்ரஃப். நாளுக்கு மூன்று முறை தந்தியில் வரும் எண்களை வரைபடத்தில் எழுதி, ஒரே அளவு வெப்பமுள்ள ஊர்களைக் கோட்டால் இணைத்து, அடுத்த நாளை ஊகிப்பார். 11ஆம் தேதி இரவு குளிர் தெற்கே இறங்குவது அவர் வரைபடத்தில் தெரிந்தது. குளிரலை வரும், விழுந்து கிடக்கும் பனி காற்றில் பலமாக அடித்துக் குவியும் என்று எழுதினார். படித்தால் தப்பென்று சொல்ல முடியாத குறிப்பு. ஆனால் மதியத்துக்குள் கண் தெரியாத புயல், பிள்ளைகளை வெளியே விடாதே என்று அதில் இல்லை. அப்படி எழுதும் வழக்கமும் அந்தத் துறைக்கு அப்போது கிடையாது.

சரி, எழுதியது போய்ச் சேர்ந்ததா? குளிரலைக்கு ஒரு கொடி உண்டு. வெள்ளைத் துணி, நடுவில் கருப்புச் சதுரம். தந்தி கிடைத்த ரயில் நிலையத்தில் அதை ஏற்றுவார்கள். பத்து மைல் தள்ளி மண்வீட்டில் இருப்பவருக்கு எந்தக் கொடி தெரியும்? பத்திரிகையில் அச்சான குறிப்பு கையில் கிடைக்கும்போது புயல் வந்து போயிருக்கும். கம்பி இருந்த இடம் வரைக்கும்தான் அறிவு போனது. அதற்கு அப்பால் இருந்தவர்களுக்கு அன்று காலை நல்ல வெயில்.

வடமேற்கிலிருந்து ஒரு சுவர் மாதிரி வந்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். மாவு போல அரைபட்ட பனி, நீட்டிய கையே தெரியாத அளவுக்கு. நெப்ராஸ்காவின் சில பகுதிகளுக்கு அது வந்து சேர்ந்தது பள்ளி விடும் நேரத்தில். பிளெயின்வியூ பக்கம் லோயிஸ் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியை, எரிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தான் தங்கியிருந்த வீட்டுக்குக் கிளம்பினார். இருநூறு கெஜம்தான் தூரம். நம் ஊரில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடப்போமே, அவ்வளவு. வழி தவறியது. இரவு முழுக்க வெட்டவெளியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தார். விடிவதற்குள் மூன்று பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள். அவர் பிழைத்தார், பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மொத்தம் 235 பேர் இறந்திருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சிதறிக் கிடந்த குடியிருப்புகளில் சரியான கணக்கை யார் எடுப்பது? அந்தப் புயலுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரே 'பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்'.

இரண்டாவது புயல் இரண்டே மாதத்தில், மார்ச் 12ஆம் தேதி. இந்த முறை கம்பியும் பத்திரிகையும் கட்டடமும் நிறைந்த நியூயார்க்கில். அந்தச் சனிக்கிழமை வசந்தம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிறு மழை, பிறகு தெளியும் என்ற தொனியில்தான் குறிப்பு வெளியானது. வார இறுதி வழக்கப்படி சனி நள்ளிரவில் மூடிய வானிலை அலுவலகம் ஞாயிறு மாலைதான் திறக்கும். திறந்திருந்தாலும் பெரிதாக என்ன தெரிந்திருக்கும்? புயல் கடலில் உருண்டு திரண்டது, கடலில் தந்திக் கம்பி இல்லை. ஞாயிறு மழை நள்ளிரவு தாண்டிப் பனியானது. நகரத்தில் 21 அங்குலம், காற்று குவித்த இடங்களில் மாடி ஜன்னல் வரைக்கும். வடக்கே ஆல்பனியில் நாற்பத்தாறு அங்குலத்துக்கும் மேல். உயர்த்திக் கட்டிய பாதைகளில் ரயில்கள் நடுவானில் நின்றன. கம்பிகள் அறுந்ததால் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்குச் சேதி சொல்ல, கடலடிக் கம்பி வழியாக லண்டனுக்கு அனுப்பித் திருப்பி வாங்கினார்கள். முன்னாள் செனட்டர் ராஸ்கோ கான்க்லிங் வால் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போகிறேன் என்று கிளம்பி, யூனியன் சதுக்கம் பக்கம் பனியில் விழுந்தார். அடுத்த மாதம் இறந்தார். மொத்த மரணம் சுமார் 400, அதில் பாதி நியூயார்க் நகரத்தில்.

இந்தப் புயலின் பின்கதைதான் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. தப்பியவர்களில் சிலர் பின்னாளில் ஒரு சங்கம் வைத்தார்கள். 'பிளிஸார்ட் மென் ஆஃப் 1888'. ஆண்டுதோறும் மார்ச் 12 அன்று கூடிச் சாப்பிடுவார்கள், பழைய கதை பேசுவார்கள். யார் எந்த மூலையில் சிக்கினார்கள், எவ்வளவு உயரம் குவிந்திருந்தது என்று. 1938இல் அந்த நினைவுகள் புத்தகமாகவே வந்தன. 400 பேர் செத்த ஒரு நாளை அவர்கள் கொண்டாடினார்கள் என்று சொன்னால் அநியாயம். ஆனால் அந்த நாளில் தாங்களும் இருந்தோம் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாத பாட்டன்மார்களை நாமும் பார்த்திருக்கிறோம். டகோட்டா பக்கம் இப்படி ஒரு விருந்து நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

அந்த ஆசைக்கு அறிவுள்ள ஒரு வடிவம் கொடுத்தவர் டேவிட் லட்லம். பிரின்ஸ்டனில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர், இரண்டாம் உலகப்போரில் ராணுவ வானிலையாளர். 1948இல் ஆர்வலர்களுக்காக 'வெதர்வைஸ்' என்ற இதழைத் தொடங்கினார். பிறகு 1960களில் பழைய நாட்குறிப்புகளையும் பத்திரிகைகளையும் தோண்டி, அமெரிக்காவின் ஆரம்பகாலக் குளிர்காலங்களைப் பற்றி இரண்டு தொகுதி எழுதினார். எந்த ஆண்டு, எந்த ஊர், எத்தனை அங்குலம் என்று. பனிப் பைத்தியம் இல்லாத ஒருவர் செய்கிற வேலையா அது?

இதற்கிடையே கணினி வந்தது. 1950இல் எனியாக் இயந்திரத்தில் முதல் கணக்கு, 1955இல் அன்றாடப் பயன்பாடு. இதையெல்லாம் விவரித்தால் வேறு கட்டுரையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1961இல் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு சின்ன மாதிரிக் கணக்கை மறுபடி ஓட்டும்போது 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கணக்கும் இரண்டு வானிலையாகப் பிரிந்தன. தொடக்கத்தில் மயிரளவு பிசகினால் சில நாள் கழித்து வேறு உலகம். 'நடக்கும்' என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை என்பது அன்றே தெரிந்துபோனது. ஆனாலும் ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொண்டு 'நடக்கும்' என்று சொல்வது இன்னும் முப்பது வருஷம் தொடர்ந்தது.

இங்கே லூயி உச்செலினி வருகிறார். 1979இல் நாசாவில் வேலை பார்த்த இளம் வானிலை ஆய்வாளர். அந்த ஆண்டு பிப்ரவரி 18, 19 தேதிகளில் வாஷிங்டனில் கணினி சொல்லாத பனி கொட்டியது. விமான நிலையத்தில் 18.7 அங்குலம், 1922க்குப் பிறகு அங்கே விழுந்த பெரிய பனி. பயிர் விலைக்காகப் போராட டிராக்டர்களோடு தலைநகருக்கு வந்திருந்த விவசாயிகள், அதே டிராக்டர்களால் பனியைத் தள்ளி டாக்டர்களையும் நர்ஸ்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நகரம்! இந்தப் புயல் எப்படி நழுவியது என்பதை உச்செலினி எண்பதுகள் முழுக்க ஆராய்ந்தார். பால் கோச்சின் என்ற இன்னொரு பனி ஆய்வாளரோடு சேர்ந்து, வடகிழக்குக் கரையின் பனிப்புயல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். அவர்களுடைய புத்தகம் இந்தத் துறையில் ஆர்வலர்களுக்கு வேதம் மாதிரி.

1993 மார்ச் 12இலிருந்து 14 வரை வந்த புயலை அமெரிக்கர்கள் 'நூற்றாண்டின் புயல்' என்கிறார்கள். அப்போது உச்செலினி தேசிய வானிலை மையத்தில் முன்னறிவிப்புப் பிரிவின் தலைவர். ஐந்து நாள் முன்னதாகவே மாடல்கள் அதைக் காட்டின. மையத்தின் காற்றழுத்தம் நம்ப முடியாத அளவுக்குக் கீழே போவதாக வந்த எண்களைப் பார்த்து, வாழ்நாள் முழுக்க இதையே செய்தவர்கள்கூடத் தயங்கினார்கள். பிறகு நம்பினார்கள், சொன்னார்கள். ஒரு துகள் விழுவதற்கு முன்பே சில மாநில ஆளுநர்கள் அவசரநிலை அறிவித்தார்கள். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பனியே அபூர்வமான அலபாமாவின் பர்மிங்ஹாமில் 13 அங்குலம் விழுந்தது. கிழக்குக் கரையின் பெரிய விமான நிலையங்கள் எல்லாமே ஏதோ ஒரு நேரத்தில் மூடப்பட்டன.

வெற்றிக் கதைதான். ஆனாலும் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் புளோரிடாவின் வளைகுடாக் கரையில் இறந்தவர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லோரும் வடக்கே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெற்கே அதே புயல் கடலை எழுப்பி 12 அடி உயரம் வரைக்கும் ஊருக்குள் தள்ளியது. டெய்லர் கவுண்டியில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் தண்ணீரில் போயின. அந்த வேகத்தை மாடல்கள் பிடிக்கவில்லை, அங்கே தகுந்த எச்சரிக்கை போகவில்லை. கம்பி போகாத டகோட்டா ஞாபகம் வந்தது எனக்கு. 1993இல் கம்பி எல்லா இடத்துக்கும் போயிருந்தது, ஆனால் பார்வை பனியின் பக்கம் இருந்தது.

அந்தப் புயலுக்கு மூன்று மாதம் முன்னால், 1992 டிசம்பரில், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'என்செம்பிள்' முறை அன்றாட வேலைக்கு வந்தது. ஒரே கணக்கைத் தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை ஓட்டுவது. எல்லாம் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம், சிதறினால் எச்சரிக்கையாக இருக்கலாம். லோரன்ஸின் 0.506க்கு முப்பது வருஷம் கழித்துக் கிடைத்த மரியாதை.

இனி 2015க்குத் திரும்பலாம். உச்செலினி இப்போது தேசிய வானிலைச் சேவைக்கே இயக்குநர். ஜனவரி 26, 27க்கு நியூயார்க்கில் 20இலிருந்து 30 அங்குலம் என்று அறிவிப்பு. நகர வரலாற்றிலேயே பெரிய புயலாக இருக்கலாம் என்றார் மேயர் டி பிளாசியோ. ஆளுநர் குவோமோ சப்வேயை நிறுத்தினார். பனிக்காக அதை முழுவதுமாக நிறுத்தியது அதுவே முதல்முறை. சாலையில் வாகனத்துக்குத் தடை. ஐரோப்பிய மாடல் பெரிய பனி என்றது. புதிதாக மேம்படுத்திய அமெரிக்க மாடல் அவ்வளவு இல்லை என்றது. 2012இல் சாண்டி புயல் கரைப்பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொன்னது ஐரோப்பிய மாடல்தான். அந்த ஞாபகம் யாருக்கும் போகவில்லை. அதையே நம்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நானும் அதைத்தான் நம்பினேன். எனக்கு வேண்டிய பதிலை அதுதான் சொன்னது.

சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். மேற்கே நியூ ஜெர்சி, பிலடெல்பியா பக்கம் அதைவிடக் குறைவு. அதனால்தான் சட்கோவ்ஸ்கியின் மன்னிப்பு. ஆனால் அதே புயல், அதே இரவு, லாங் ஐலண்டின் இஸ்லிப்பில் 24.9. பாஸ்டனில் இரண்டடிக்கும் மேல். வூஸ்டரில் 34.5, அந்த ஊரின் சாதனை. மாடல் புயலைத் தவறவிடவில்லை. அந்தப் பட்டை சில பத்து மைல் கிழக்கே விழுந்தது, அவ்வளவுதான். அந்தச் சில பத்து மைலுக்குள் எண்பது லட்சம் பேர் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

சந்தேகம் யாருக்கும் தெரியாமல் இல்லை. மாடல்கள் சிதறியிருந்தன, அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வெளியே போனது 20இலிருந்து 30 என்ற எண். உச்செலினி செய்தியாளர்களிடம் பேசும்போது, நிச்சயமின்மையை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். 1979இல் சொல்லப்படாத பனியில் தொடங்கிய மனிதர், 2015இல் கூடுதலாகச் சொல்லப்பட்ட பனிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பெரிய பனிக்கு முன் வானிலைச் சேவை மூன்று வரைபடம் தருகிறது. குறைந்தது இவ்வளவு, பெரும்பாலும் இவ்வளவு, மிஞ்சிப்போனால் இவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் சதவீதக் கணக்கோடு. 'ப்ராபபிலிட்டீஸ்' என்ற பழைய சொல் நூற்றைம்பது வருஷம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அதை ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்றால், நேராகப் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஆர்வலர்களும் அப்படியே. மேயர்களும் அப்படியேதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த வருஷமே, 2016 ஜனவரி 22, 23இல், காத்திருந்தவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே மாடல்கள் ஒத்துப்போயின. சென்ட்ரல் பார்க்கில் 26.8 அங்குலம் என்று முதலில் அறிவித்தார்கள். 2006இன் சாதனையான 26.9க்குப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள். விசாரணையில் அளந்த எண்ணைச் சொல்வதில் நேர்ந்த பிசகு தெரிந்து, ஏப்ரலில் 27.5 என்று திருத்தினார்கள். சாதனை உறுதியானது. நானும் அன்று சிரித்தேன். புயலில் ஐம்பது பேர் அளவில் இறந்திருந்தார்கள். பனியை அள்ளும்போது மாரடைப்பில் சிலர், புகைக்குழாய் பனியில் அடைபட்ட காருக்குள் மூச்சுமுட்டிச் சிலர். இந்த இரண்டு செய்தியையும் நான் ஒரே வாரத்தில் படிக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குச் சாதகமான வாதம்.

வாஷிங்டனில் நடந்தது வேறு கூத்து. பனியை அளக்க ஒரு வெள்ளைப் பலகையை வெட்டவெளியில் வைப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, துடைத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் இதை வைத்திருக்கும் தன்னார்வலர்கள் தூங்காமல் அலாரம் வைத்து எழுந்து அளப்பார்கள். ரீகன் விமான நிலையத்தில் சம்பளம் வாங்கும் ஆட்கள் பலகையைப் பனிக்குள் தொலைத்துவிட்டார்கள். தேடியும் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் அளந்து 17.8 அங்குலம் என்று எழுதினார்கள். டல்லஸ் விமான நிலையத்தில் அதே புயலுக்கு 29.3. சுற்றுவட்டாரத்தில் பலகையைத் துடைத்துத் துடைத்து அளந்தவர்கள் யாரும் அந்த 17.8ஐ இன்றுவரை ஏற்றுக்கொள்வதில்லை. பதிவேட்டில் அதுதான் நிற்கிறது.